பழைய ரயில்தடச் சைக்கிள் பாதைகள் (பிரிட்டன்)

ரயில் ஓட்டம் நின்றுபோன தடங்களில் தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்தெடுத்துவிட்டு, சைக்கிள் ஓட்டவும் நடக்கவும் அமைத்த பாதைகள். மோட்டார் வாகனங்களுக்கு இவற்றில் பெரும்பாலும் இடமில்லை. பல பாதைகள் காடுகளின் ஊடாகவும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியாகவும் செல்கின்றன. இவற்றின் முதற்சிறப்பு மென்மையான சரிவு. செங்குத்தான ஏற்றத்தில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுக்கும். அதனால் நீராவி ரயிலுக்குத் தடம் போட்டவர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தைத் தூர்த்தார்கள், குன்று குறுக்கிட்டால் குடைந்தார்கள். நூறடி தூரத்துக்கு ஓரடி உயர்ந்தாலே அந்நாளில் அது கவனிக்கத்தக்க ஏற்றம். இன்ஜினுக்காகக் கொட்டிய அந்த உழைப்பின் பலன் இன்று சைக்கிள் பழகும் சிறுவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் போய்ச் சேர்கிறது.

இவ்வகையில் முன்னோடி ஸ்டாஃபோர்டுஷயரின் மேனிஃபோல்ட் பாதை. 1904இல் திறந்த குறுகிய ரயில்தடம் ஒன்று, பால் போக்குவரத்தையும் சுற்றுலாப் பயணிகளையும் நம்பி முப்பது ஆண்டுகள் தள்ளாடி 1934இல் மூடப்பட்டது. ரயில் நிறுவனம் நிலத்தை மாவட்ட ஆட்சிமன்றத்திடம் கொடுத்தது. 1937இல் சுமார் 8 மைல் நீளத்தில் பாதை திறந்தது. இந்தத் தடத்துக்கு ஓர் இந்தியத் தொடர்பும் உண்டு. இதை அமைத்த பொறியாளர் எவரார்டு கால்த்ராப், அதற்கு முன் மகாராஷ்டிரத்தில் பார்சி லைட் ரயில்வேயைக் கட்டியவர். அங்கே போட்ட அதே இரண்டரை அடி அகலத்தைத்தான் இங்கும் போட்டார். இன்ஜின்களின் பெரிய முகவிளக்குகளிலும் பெட்டிகளின் அமைப்பிலும் இந்திய ரயிலின் சாயல் தெரிந்தது.

மேனிஃபோல்டைப் பார்த்துப் பிறர் உடனே பின்பற்றவில்லை. பாதை போடுவதற்கு வேண்டிய தடங்கள் பெருமளவில் காலியானது 1960களில்தான். பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் 1963 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, நட்டத்தைக் காரணம் காட்டி 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் தடத்தையும் மூடச் சொன்னது. அவரை நியமித்த போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ், சாலை போடும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் இணை நிறுவனர். இதை இங்கிலாந்துக்காரர்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் பாதைகளின் வரலாற்றைத் தீர்மானித்தது மூடல் அல்ல, அதற்குப் பின் நடந்த நில விற்பனை. தடம் துண்டு துண்டாகப் பக்கத்து விவசாயிகளுக்கும் வீடு கட்டுவோருக்கும் போனது. பாலத்து இரும்பு பழைய இரும்பு விலைக்குப் போனது. நடுவில் ஒரு மைல் கைமாறினாலும் முப்பது மைல் தடம் தொடர்பற்றுப் போகும். முழுசாக வாங்கியவர்கள் இருந்த இடத்தில் மட்டுமே நல்ல பாதை அமைந்தது.

பீக் மாவட்டத் தேசியப் பூங்கா அப்படி வாங்கியது. 1967க்குள் மூடிய ஆஷ்போர்ன் தடம் 1971இல் டிசிங்டன் பாதையாயிற்று. அதோடு சேரும் ஹை பீக் பாதை, 1831இல் முடிந்த மிகப் பழைய தடம் ஒன்றின் மேல் போகிறது. மென்சரிவு விதிக்கு இது விலக்கு. மிடில்டன் சரிவில் சுமார் எட்டடிக்கு ஓரடி ஏற்றம். அங்கே வண்டிகளை இழுத்தது இன்ஜின் அல்ல, உச்சியில் நிலையாக நின்ற நீராவிப் பொறியும் கயிறும். அந்தப் பொறி இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. இந்தச் சரிவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுவதே பலருக்கு வழக்கம்.

இயக்கமாக இது மாறியது பிரிஸ்டலில். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகான 1977இல், சைக்கிளுக்கு இடம் கேட்ட சிலர் சைக்கிள்பேக் என்ற குழுவைத் தொடங்கினார்கள். கட்டுமானப் பொறியாளர் ஜான் கிரிம்ஷா அதன் முதுகெலும்பு. பிரிஸ்டலையும் பாத் நகரையும் இணைத்த பழைய மிட்லண்ட் தடத்தில் பயணிகள் ரயில் 1966இல் நின்றிருந்தது. புதர் மண்டிக் கிடந்த அந்தத் தடத்தில், மனுக் கொடுத்துக் காத்திருப்பதற்குப் பதிலாக, 1979 கோடையில் தொண்டர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பாத்துக்கும் பிட்டனுக்கும் இடையே சுமார் 5 மைல் முதலில் முடிந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1980களில், அரசின் தற்காலிக வேலைத் திட்டங்களில் வந்த இளைஞர்களும் இந்தப் பணியில் உழைத்தார்கள். 13 மைல் முழுதும் 1986இல் நிறைவேறியது. ஸ்டேப்பிள் ஹில்லில் 471 மீட்டர் சுரங்கம், ஏவான் ஆற்றைத் தாண்டும் பாலங்கள், பிட்டனில் பாதைக்கு அருகிலேயே பழமைவிரும்பிகள் ஓட்டும் நீராவி ரயில். ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு இவையெல்லாம் அழகு. எனினும் இந்தப் பாதையின் உண்மையான பெருமை திங்கட்கிழமைக் காலையில்தான். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் அன்றாடம் இதை நம்புகிறார்கள். 2008இல் பாதையின் ஒரு பகுதியைப் பேருந்துத் தடமாக்கத் திட்டமிட்டபோது எழுந்த எதிர்ப்பில் திட்டம் கைவிடப்பட்டது.

சைக்கிள்பேக் பின்னர் சஸ்ட்ரான்ஸ் என்ற அறக்கட்டளையாக வளர்ந்தது. 1995இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்க, தேசிய சைக்கிள் வலையமைப்பு உருவாகி 2000 ஜூனில் 5,000 மைலோடு திறந்தது. எண்ணிக்கை கூடிய வேகத்தில் தரம் கூடவில்லை. 2018இல் சஸ்ட்ரான்ஸே செய்த மதிப்பீட்டின்படி, 16,575 மைலாகப் பெருகியிருந்த வலையமைப்பில் மோட்டார் வாகனம் இல்லாதது மூன்றில் ஒரு பங்களவே. மற்றதெல்லாம் சாலையோரம் நட்ட வழிகாட்டிப் பலகை மட்டுமே. 2020இல் ஏறக்குறைய கால்வாசியை வலையமைப்பிலிருந்து நீக்கியோ வேறு வகையில் சேர்த்தோ சரிசெய்தார்கள். நேர்மையான கணக்கு என்றே சொல்ல வேண்டும்.

சுரங்கங்களைத் திறந்தது அடுத்த கட்டம். டெர்பிஷயரின் மான்சல் பாதை 1981 முதல் இருந்தும், சுரங்கங்கள் பூட்டிக் கிடந்ததால் நடுநடுவே மேட்டில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. 2011இல் நான்கு சுரங்கங்கள் திறந்த பிறகே எட்டரை மைலும் ஒரே ஓட்டமாயிற்று. இங்கே உள்ள ஹெட்ஸ்டோன் பாலத்தை 1860களில் கட்டியதால் பள்ளத்தாக்கே பாழாயிற்று என்று எழுத்தாளர் ஜான் ரஸ்கின் சீறினார். இன்று அதே பாலம் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது, அதைப் படம் பிடிக்கவே கூட்டம் வருகிறது. பாத் நகருக்குத் தெற்கே கூம் டவுன் சுரங்கம் 2013இல் சைக்கிளுக்குத் திறந்தது. நீளம் 1,672 மீட்டர். சைக்கிள் செல்லும் சுரங்கங்களில் பிரிட்டனிலேயே நீளமானது. ஒற்றைத் தடம், காற்றுப்போக்கி கிடையாது. 1929 நவம்பரில் சரக்கு ரயில் ஒன்று இதற்குள் ஊர்ந்து ஏறியபோது புகையில் ஓட்டுநரும் உதவியாளரும் மயங்கினார்கள். கட்டுப்பாடு இழந்த வண்டி மறுபுறம் இறங்கி பாத் சரக்கு நிலையத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட மூவர் இறந்தனர். இன்று அதே சுரங்கத்தில் மெல்லிய விளக்கொளியில் இசை கேட்டுக்கொண்டே போகலாம்.

காட்டு வழிகளுக்கு நல்ல உதாரணம் கிளாஸ்டர்ஷயரின் டீன் காடு. நிலக்கரிக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரை இழுத்த டிராம் தடங்களும் பின்பு ரயில் தடங்களும் அங்கே பின்னிக் கிடந்தன. சுரங்கத் தொழில் ஓய்ந்த பின் ஓக் மரங்களுக்கிடையே அவை குடும்பச் சைக்கிள் பாதைகளாயின. அருகே வை பள்ளத்தாக்கில் 2021இல் திறந்த பாதை டிடன்ஹாம் சுரங்கத்தின் வழியே போகிறது. அங்கே தங்கும் வௌவால்களுக்காகச் சுரங்கத்தைக் குளிர்காலம் முழுதும் அடைத்துவிடுகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கா உதவும். 1963இல் இயற்கையியலாளர் மே டைல்கார்டு வாட்ஸ் சிகாகோ பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதத்தால் இல்லினாய் பிரேரி பாதை பிறந்தது. விஸ்கான்சினில் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை 1967இல் திறந்தது. 1983இல் அந்நாடு ஒரு சட்டம் செய்தது. மூடும் தடத்தை, என்றேனும் ரயில் திரும்பி வரலாம் என்ற நிபந்தனையோடு, பாதையாகப் பயன்படுத்தி முழுசாகக் காக்கலாம். நிலத்தைப் பிரித்து விற்கத் தேவையில்லை. இந்த ஒரு சட்டம் பிரிட்டனில் 1963இல் இருந்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

பிரிட்டன் இன்னும் முழுதாகப் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. கைவிட்ட ரயில்வேயின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாலங்களும் சுரங்கங்களும் அரசின் நெடுஞ்சாலை நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. 2021இல் கம்ப்ரியாவின் கிரேட் மஸ்கிரேவ் என்ற ஊரில், 1860களில் கட்டிய கல் வளைவுப் பாலத்தின் அடியில் அந்நிறுவனம் ஜல்லியும் கான்கிரீட்டும் கொட்டி அடைத்தது. செய்து முடித்த அந்த வேலைக்குப் பின்னர் கேட்ட அனுமதியை உள்ளூர் மன்றம் 2022இல் மறுத்தது. 2023இல் அந்நிறுவனமே தன் செலவில் அத்தனையையும் தோண்டி எடுத்தது.