குளுக்கோசமைன்

குளுக்கோசமைன் ஓர் அமினோ சர்க்கரை. குளுக்கோஸ் மூலக்கூறின் இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கவேண்டிய இடத்தில் அமினோ தொகுதி அமைந்தால் அது குளுக்கோசமைன். மனித உடல் இதைத் தானே செய்துகொள்கிறது. மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பிலும், மூட்டுக்கு வழவழப்புத் தரும் திரவத்திலும் உள்ள நீள்சங்கிலிச் சர்க்கரைகள் இதிலிருந்தே உருவாகின்றன. மூட்டு நலத்துக்கென்று விற்கப்படும் இயற்கைத் துணைப்பொருள்களில் மிகப் பரவலானவற்றுள் இது ஒன்று; மிகுதியாகச் சோதிக்கப்பட்டவற்றுள்ளும் ஒன்று. சோதனைகள் கண்டிப்பானவையாக ஆக ஆக, இதன்மேல் வைத்திருந்த நம்பிக்கை இறங்கிக்கொண்டே வந்தது.

கண்டறிதலும் தயாரிப்பும்

சிங்கி இறாலின் ஓட்டை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுச் சிதைத்து, 1876இல் இதை முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கேயோர்க் லெடர்ஹோஸ். பின்னாளில் அறுவை மருத்துவரான அவருடைய பெயர் இன்று மருத்துவ நூல்களில் நிற்பது, உள்ளங்காலில் கட்டி வளரும் வேறொரு நோயோடுதான். மூலக்கூறின் முப்பரிமாண அமைப்பை 1939இல் வால்ட்டர் ஹாவொர்த் உறுதிசெய்தார். சர்க்கரைகளையும் வைட்டமின் சி-யையும் ஆராய்ந்ததற்காக 1937இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

தயாரிக்கும் முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. இறால் பதப்படுத்தும் ஆலைகள் கழித்துப்போடும் ஓடும் தலையும்தான் மூலப்பொருள். ஓட்டிலுள்ள சுண்ணத்தை நீர்த்த அமிலமும் புரதத்தைக் காரமும் நீக்கியபின் மிஞ்சுவது கைட்டின். அதை அடர் அமிலத்தில் சூடாக்கினால் குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு கிடைக்கும். சல்ஃபேட் வடிவமும் விற்பனையில் உண்டு. இறால் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் இந்தியாவுக்கு இந்தக் கழிவு ஒரு வளம். கைட்டின் எடுக்கும் தொழில்நுட்பத்தில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. டப்பாவின் மேல் 'இயற்கை' என்று அச்சிட்டிருக்கும் பொருள் இத்தனை அமிலத்தைக் கடந்து வருவதை வாங்குகிறவர்களில் பலர் அறியார். அது குறையன்று, தூய சரக்கு அப்படித்தான் கிடைக்கும். பூஞ்சையிலிருந்தும் நொதித்தல் மூலமும் எடுத்த சைவ வகையும் சந்தையில் உள்ளது.

ஏன் உண்கிறார்கள்

முழங்கால் வலியோடு செல்பவரிடம் "சவ்வு தேய்ந்துவிட்டது" என்று மருத்துவர் சொல்வது ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் மூட்டுத் தேய்மானத்தை. தேய்ந்துபோன குருத்தெலும்பு தானாக வளர்ந்து பழையபடி ஆவதில்லை. அதன் மூலப்பொருளை வாய்வழியே கொடுத்தால் உடல் எடுத்துக்கொள்ளாதா என்பதே குளுக்கோசமைனுக்குப் பின்னுள்ள எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விழுங்கிய மாத்திரையில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே செலவாகிவிடுகிறது. ஆய்வகத்தில் குருத்தெலும்புச் செல்கள் மீது நற்பலன் காட்டிய அடர்த்தி, வழக்கமான அளவை உண்பவரின் இரத்தத்தில் காணப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம்.

1997இல் அமெரிக்க மருத்துவர் ஜேசன் தியோடொசாகிஸ் எழுதிய நூலொன்று குளுக்கோசமைனையும், குருத்தெலும்பிலுள்ள மற்றொரு பொருளான காண்ட்ராய்ட்டினையும் மூட்டுநோய்க்குத் தீர்வாக முன்வைத்துப் பெருவிற்பனை கண்டது. வயதானவர்களின் அலமாரிகளில் இந்த மாத்திரை இடம்பிடித்ததில் அதற்குப் பங்குண்டு.

ஆய்வுகள்

பெல்ஜியத்தின் ழான்-இவ் ரெஜின்ஸ்டர் குழு 2001இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு பரபரப்பை உண்டாக்கியது. முழங்கால் தேய்மானம் உள்ள 212 பேரில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைன் சல்ஃபேட்டும், மறுபாதிக்கு மருந்துப்போலியும் 3 ஆண்டுகள் தரப்பட்டன. மருந்துப்போலி உண்டவர்களுக்கு மூட்டு இடைவெளி சராசரியாக 0.31 மில்லிமீட்டர் குறுகியது. குளுக்கோசமைன் உண்டவர்களுக்கு 0.06 மட்டுமே. ஆனால் இந்த ஆய்வுக்குத் துணைநின்றது அதே மருந்தைத் தயாரித்த ரோட்டா நிறுவனம்.

பின்னர் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் பணம் தந்து, 1,583 பேரை வைத்து 24 வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. வலி 20 விழுக்காடாவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்பதே அளவுகோல். மருந்துப்போலிக் குழுவில் 60.1 விழுக்காட்டினர், குளுக்கோசமைன் குழுவில் 64, காண்ட்ராய்ட்டின் குழுவில் 65.4, இரண்டையும் உண்டவர்களில் 66.6. வலிநிவாரணியான செலகாக்ஸிப் 70.1 காட்டியது. மருந்துப்போலியிலிருந்து புள்ளியியல்படி விலகி நின்றது செலகாக்ஸிப் ஒன்றே. மிதமானது முதல் கடுமையானது வரை வலி இருந்த சிறு குழுவில் மட்டும் கூட்டு மாத்திரை 79.2 விழுக்காட்டினருக்குப் பலன் தந்தது. அங்கே மருந்துப்போலிக்கு 54.3. விளம்பரங்களுக்கு வேண்டியது இந்தச் சிறு குழுவின் எண்தான். முழுச் சோதனையின் எண்ணை அவை சொல்வதில்லை.

வெறும் மாத்திரை உண்ட ஐவரில் மூவருக்கு வலி தணிந்ததையும் கவனிக்கவேண்டும். மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது; ஏறிய வேளையில் மாத்திரை தொடங்குகிறவர், இறங்கும்போது அந்தப் பெருமையை மாத்திரைக்கே தருகிறார். "எனக்குக் கேட்டது" என்ற அண்டைவீட்டார் சாட்சியம் பொய்யல்ல. ஆனால் அது சான்றும் அல்ல.

அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, முழங்கால், இடுப்புத் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைனைப் பயன்படுத்தவேண்டாம் என்று உறுதியாகவே கூறியது. கைமூட்டுகளுக்குக் காண்ட்ராய்ட்டினை மட்டும் நிபந்தனையுடன் ஏற்றது. ஐரோப்பிய நிபுணர்களில் ஒரு சாரார் மருந்துத்தரச் சல்ஃபேட்டை இன்னும் ஆதரிக்கிறார்கள். சந்தையில் கிடைக்கும் எல்லா மாத்திரைக்கும் அந்த ஆதரவு பொருந்தாது.

பிற துணைப்பொருள்கள்

மஞ்சள் ஓரளவு நன்றாகவே சோதிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்தில் 367 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான சோதனையில், நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு 1,200 மில்லிகிராம் ஐபுப்ரொஃபெனுக்கு ஏறக்குறைய இணையாக நின்றது. ஆனால் கால அளவு 4 வாரமே. குழம்பில் போடும் மஞ்சள்தூளுக்கு இதைப் பொருத்திவிடக் கூடாது. உடல் அதிகம் உறிஞ்சும்படி மிளகுச் சத்து சேர்த்த, மஞ்சளின் செயற்பொருளான குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்தது பதிவாகியிருக்கிறது. சல்லகி மரப்பிசினுக்கு நாக்பூரில் 30 பேரிடம் நடந்த 2003ஆம் ஆண்டுச் சோதனை நம்பிக்கை தந்தது, எண்ணிக்கை சிறிது. முடக்கறுத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் நல்ல உணவு. மஞ்சளுக்கு நடந்த அளவுக்குப் பெரிய சோதனை எதையும் அவை கண்டதில்லை.

பாதுகாப்பும் விதிகளும்

குளுக்கோசமைன் பொதுவாகத் தீங்கற்றது. குமட்டல், நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு சிலருக்கு வரலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உண்பவர்களுக்குத்தான் உண்மையான ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடக்கூடும். இறால், நண்டு ஒவ்வாதவர்களும் கருவுற்ற பெண்களும் தவிர்ப்பது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இது உணவுத் துணைப்பொருள்; ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் மருந்து. இந்தியாவில் உணவுத் துணைப்பொருளாக விற்கும் டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் இருந்தாகவேண்டும்.

உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை 4 கிலோ குறைவதாக அமெரிக்க ஆய்வொன்று 2005இல் அளந்து காட்டியது. தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் செய்யும் வேலையை எந்த மாத்திரையும் செய்ததில்லை. அதற்குமேலும் குளுக்கோசமைனை முயல விரும்புகிறவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு 3 மாதம் உண்டு பார்க்கலாம். அதற்குள் வலி குறையாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.