எண்ணிமச் சிற்பத்தில் முடி உருவாக்கம்

எண்ணிமச் சிற்பத்தில் முடி உருவாக்கம் என்பது, முப்பரிமாணச் சிற்ப மென்பொருள்களில் வடிக்கப்படும் மாந்தர் மற்றும் விலங்கு உருவங்களுக்குத் தலைமுடி, புருவம், இமைமயிர், மீசை, தாடி, உடல்மயிர் ஆகியவற்றை இயற்கையாகத் தோன்றும்படி அமைக்கும் நுட்பம் ஆகும். திரைப்படம், அசைவூட்டம், நிகழ்பட விளையாட்டு, முப்பரிமாண அச்சு ஆகிய துறைகளில் இது பயன்படுகிறது. சீபிரஷ், பிளெண்டர், மாயா ஆகியவை இதற்குப் பரவலாகக் கையாளப்படும் மென்பொருள்கள்.

முகமும் கையும் ஒரே தொடர்ச்சியான பரப்பால் ஆனவை. களிமண்ணை அழுத்துவது போல அழுத்தியும் இழுத்தும் அவற்றை வடிக்கலாம். தலைமுடி அத்தகையது அன்று. ஒரு மாந்தத் தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் இழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த தடிமன் உடையது. தொலைவிலிருந்து அது ஒரு திண்மம். அருகில் சென்றால் நூல். ஒளிக்கு எதிரே பார்த்தால் பாதி ஒளிபுகும் பொருள். இம்மூன்று தோற்றங்களையும் ஒரே உருவத்தில் நிறைவேற்ற வேண்டியிருப்பதே இத்துறையின் இடர்ப்பாடு.

பாடநூல்களிலும் பயிற்சிக் காணொளிகளிலும் பெரும்பாலும் வெளிர்நிற, நேரான முடியே, காற்றில்லாத அரங்க வெளிச்சத்தில், எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஆகையால் இக்கட்டுரையின் இறுதியில் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கடற்கரையில் உழைக்கும் ஒரு மாந்தரின் முடி எடுத்துக்காட்டாக விளக்கப்படுகிறது.

முடியின் அமைப்பும் ஒளியும்

முடியிழையின் வெளியுறை, கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நுண்செதில்களால் ஆனது. செதில்களின் விளிம்புகள் நுனியை நோக்கி இருக்கும். உள்ளே கெரட்டின் என்னும் புரதமும், நிறத்தைத் தரும் மெலனினும் உள்ளன.

இழையின்மீது விழும் ஒளி மூன்று வழிகளில் கண்ணை அடைகிறது. ஒரு பகுதி மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. இது ஒளிமூலத்தின் நிறத்திலேயே இருக்கும். இன்னொரு பகுதி இழையை ஊடுருவி மறுபுறம் வெளியேறுகிறது. மூன்றாவது பகுதி உள்ளே சென்று, பின்சுவரில் பட்டுத் திரும்பி வெளிவருகிறது. இது முடியின் நிறத்தை ஏற்றிருக்கும். செதில்கள் சாய்ந்திருப்பதால் முதல் பளபளப்பு வேர்ப்பக்கமாகவும் மூன்றாவது நுனிப்பக்கமாகவும் சற்று விலகித் தோன்றும். இவ்விளக்கத்தை இசுட்டீவ் மார்ஷ்னரும் அவருடைய குழுவினரும் 2003 இல் வெளியிட்டனர். இன்றைய மென்பொருள்களில் உள்ள முடி ஒளிநிழலாக்கிகளில் பெரும்பாலானவை இம்மாதிரியின் வழிவந்தவையே. இதற்கு முன்னர் 1989 இல் கஜியா, கே ஆகிய இருவரும் வெளியிட்ட எளிய மாதிரி வழக்கில் இருந்தது. அவர்கள் அதைச் செய்துகாட்டிய உருவம் ஒரு கரடிப் பொம்மை.

தமிழ் மாணவர்களுக்கு இதில் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. கருமுடியில் மெலனின் மிகுதி. உள்ளே புகும் ஒளியில் பெரும்பகுதி உறிஞ்சப்படுகிறது. எனவே இரண்டாம், மூன்றாம் வழிகள் ஏறக்குறைய அடைபட்டுவிடுகின்றன. மேற்பரப்பில் தெறிக்கும் வெண்ணிற ஒளி மட்டுமே எஞ்சுகிறது. பொன்னிற முடிக்கு அழகூட்டும் உள்ளொளி கருமுடிக்குக் கிடையாது. கருமுடியை மெய்யாகக் காட்டுவன அதன் புறவடிவம், பளபளப்புப் பட்டை ஓடும் இடம், அப்பட்டை உடையும் விதம் ஆகிய மூன்றுமே. வெளிர்முடிக்கான அமைப்பில் நிறத்தை மட்டும் கறுப்பாக்கினால், தலையில் தார் ஊற்றியது போன்ற தோற்றமே கிடைக்கும்.

முழுக் கறுப்பைத் தெரிவுசெய்வதும் பிழையே. இயற்கையில் கருமுடி என்பது மிக அடர்ந்த பழுப்பு. நிறத்தைக் கையால் தெரிவதைவிட மெலனின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள ஒளிநிழலாக்கியைப் பயன்படுத்துதல் நன்று.

கற்றையே அடிப்படை அலகு

தொடக்கநிலை மாணவர் செய்யும் பெரும்பிழை, முடியை இழை இழையாக எண்ணிப் பார்ப்பது. கண் இழையைப் பார்ப்பதில்லை, கற்றையைப் பார்க்கிறது. தோலெண்ணெய், ஈரம், சீப்பு, தூக்கம் ஆகியவற்றால் இழைகள் ஒட்டிச் சேர்ந்து கற்றைகளாகின்றன. பெருங்கற்றைக்குள் சிறுகற்றைகளும், அவற்றுக்குள் இழைகளும், இவை எவற்றிலும் சேராமல் திரியும் தனியிழைகளும் உள்ளன.

இவ்வுண்மை கணினிக்கு முற்பட்டது. சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் ஆடல்வல்லானின் இருபுறமும் விரிந்து பறக்கும் சடைகளைப் பார்த்தால், சிற்பி எந்த இழையையும் வடிக்கவில்லை என்பது விளங்கும். அவர் வடித்தவை புரிகள். ஒவ்வொரு புரியின் தொடக்கமும் வளைவும் முடிவும் தீர்மானிக்கப்பட்ட பின்னரே அதன்மேல் கீற்றுகள் இடப்பட்டன. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் இன்றும் இம்முறையைப் பின்பற்றுகின்றனர். மெழுகுக்கும் சீபிரஷ் களிமண்ணுக்கும் இடையே கைப்பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. முப்பரிமாண அச்சுக்கு உருவம் செய்வோர் இன்னும் நேரடியாக இதைப் பின்பற்றலாம். மெல்லிய தனியிழைகளை அச்சுப்பொறி தாங்காது என்பதால், அங்கு முடி முழுவதும் திண்மக் கற்றைகளாகவே அமைய வேண்டும்.

செய்முறை

முதலில் தலையோட்டின் வடிவம் சரியாக இருக்க வேண்டும். முடி எவ்வளவு அடர்த்தியாயினும் மண்டையின் வடிவத்தை மறைப்பதில்லை. அதன்மேல் முடியின் மொத்தப் பருமன் ஒரு திண்மமாக வடிக்கப்படுகிறது. இந்நிலையிலேயே வகிடு, உச்சிச்சுழி, முடி விழும் திசை ஆகியவை முடிவாகின்றன. உருவத்தை முழுக் கறுப்பு நிழலுருவாக மாற்றிப் பார்த்து, அந்நிலையிலும் ஆள் இன்னார் என அடையாளம் தெரிந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லலாம்.

அடுத்து, தலைத்தோலின் பரப்பு தனியாகப் பிரிக்கப்பட்டு, அதிலிருந்து வழிகாட்டு வளைகோடுகள் முளைக்க வைக்கப்படுகின்றன. இவை சில நூறு இருந்தால் போதும். இவற்றுக்கு இடைப்பட்ட ஆயிரக்கணக்கான இழைகளை மென்பொருளே இடைக்கணிப்பின் மூலம் நிரப்பும். சீபிரஷில் 2012 இல் சேர்க்கப்பட்ட ஃபைபர்மெஷ், வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் உருவாகிப் பின்னர் மாயாவில் இணைக்கப்பட்ட எக்ஸ்ஜென், பிளெண்டரின் 3.3 ஆம் பதிப்பில் (2022) வந்த வளைகோட்டு முடியமைப்பு ஆகியவை இதற்கான கருவிகள். பிளெண்டர் கட்டற்ற மென்பொருள் ஆதலால் மாணவர்கள் அதிலிருந்து தொடங்குவது செலவின்றி முடியும்.

முடி தோலிலிருந்து செங்குத்தாக முளைப்பதில்லை, சாய்ந்தே முளைக்கிறது. சாய்வின் திசை தலையின் ஒவ்வோர் இடத்திலும் மாறும். இதனைக் கவனியாதோர் செய்யும் உருவங்களின் தலை தேங்காய் நார்த் தூரிகையை ஒத்திருக்கும். நெற்றியோரம் கோடு கிழித்தாற்போல் இருத்தலும் ஆகாது. அங்கு இழைகள் மெலிந்தும் குட்டையாகவும் இடைவெளிவிட்டும் இருக்க வேண்டும். இல்லையேல் பார்ப்பவர் அதை உடனே டோப்பா என்று கண்டுகொள்வர்.

இதன்பின் கற்றையாக்கம், சிலிர்ப்பு, நீள வேறுபாடு, நுனி மெலிவு ஆகியவை சேர்க்கப்படுகின்றன. எண்களைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் ஆசையை இங்கு அடக்க வேண்டும். இழைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கித் தடிமனைச் சற்றுக் கூட்டினால் தொலைக்காட்சியில் வேறுபாடு தெரிவதில்லை. கணிப்பு நேரமோ வெகுவாகக் குறையும்.

விளையாட்டுகளுக்கு வேறு வழி உண்டு. நொடிக்குப் பல பத்து முறை படம் வரையப்பட வேண்டியிருப்பதால், முடிக்கற்றையின் படம் ஒட்டப்பட்ட, ஒளிபுகும் விளிம்புகளையுடைய பட்டைகள் தலையில் ஓலை வேய்வது போல அடுக்கப்படுகின்றன. 2020 இறுதியில் வெளிவந்த அன்ரியல் எஞ்சின் 4.26 முதல் உண்மையான இழைகளையும் விளையாட்டில் இயக்குவது நடைமுறைக்கு வந்துள்ளது.

வரலாறு

2001 ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் வெளியான ஃபைனல் ஃபான்டசி திரைப்படத்தின் நாயகிக்கு ஏறத்தாழ 60,000 இழைகளும், பிக்சாரின் மான்ஸ்டர்ஸ், இங்க். படத்தின் சல்லிக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளும் அமைக்கப்பட்டன. 2012 இல் பிக்சாரின் பிரேவ் படத்தில் மெரிடாவின் செஞ்சுருள் முடிக்காக ஏறத்தாழ 1,500 சுருள்கள் ஒவ்வொன்றாக வடிக்கப்பட்டு, அவற்றிலிருந்து 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் தோற்றுவிக்கப்பட்டன. சுருளை நீட்டாமல் அசைய விடுவதற்கெனத் தனி உருவகப்படுத்தி ஒன்றையும் எழுத வேண்டியிருந்தது.

அதே 2012 இல் வெளியான, ஆங் லீ இயக்கிய லைஃப் ஆஃப் பை தமிழகக் கரையோடு தொடர்புடையது. கதையின் தொடக்கம் புதுச்சேரியில் நிகழ்கிறது. படப்பிடிப்பும் 2011 சனவரியில் அங்குத் தொடங்கியது. படகில் வரும் புலி பெரும்பாலான காட்சிகளில் கணினியில் உருவாக்கப்பட்டதாகும். அதன் உடலில் 1 கோடிக்கு மேற்பட்ட மயிரிழைகள் இருந்ததாகக் கூறப்படுகிறது. நனைந்த மயிர், உப்புநீரில் காய்ந்து திரிந்த மயிர், பட்டினியால் ஒட்டிய தோலின்மேல் படிந்த மயிர் எனப் பல நிலைகள் தேவைப்பட்டன. அதனை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் கலைஞர்கள் மும்பையிலும் ஐதராபாத்திலும் இருந்தனர். 2013 பெப்ரவரியில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. இரு கிழமைகளுக்குள், பெப்ரவரி 24 அன்று, அப்படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. விருது அரங்கின் வெளியே அதே துறைக் கலைஞர்கள் பல நூற்றுவர் தங்கள் தொழிலின் நிலையைக் கண்டித்துக் கூடியிருந்தனர். ஒரு மயிரிழையின் பின்னுள்ள உழைப்பின் மதிப்பு என்ன என்னும் வினா அன்றிலிருந்து இத்துறையை விட்டு நீங்கவில்லை.

தமிழில், பெயரிலேயே சடையைக் கொண்ட கோச்சடையான் (2014), நடிப்புப் பதிவு நுட்பத்தில் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் வெளியானது. அதன் அசைவூட்டத் தரம் குறித்துக் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. ஆயினும் முழுநீளத் தமிழ்ப்படம் ஒன்றில் நீண்ட கருமுடி எண்ணிம முறையில் முயன்று பார்க்கப்பட்டது என்ற அளவில் அது குறிப்பிடத்தக்கது.

கருவிகளின் சாய்வு

முடி குறித்த கணினி வரைகலை ஆய்வுகள் நெடுங்காலம் நேரான முடியையே இயல்பானதாகக் கொண்டிருந்தன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் தியோடர் கிம் 2020 முதல் எழுதி வருகிறார். அவரும் ஏ. எம். டார்க் முதலியோரும் சேர்ந்து 2024 இல் இறுகச் சுருண்ட ஆப்பிரிக்க வகை முடிக்கான வடிவியல் முறைகளை வெளியிட்டனர். தென்னிந்திய முடியில் நேரானது, அலையானது, சுருண்டது என எல்லா வகையும் உண்டு. ஆனால் எண்ணெய் தடவிய தலை, மூன்று புரிப் பின்னல், கொண்டை, அதில் செருகிய பூச்சரம் ஆகியவற்றை ஆயத்த முடித்தொகுப்புகளில் தேடி நேரத்தை வீணாக்குவதைவிடத் தாமே அமைத்துக்கொள்வது விரைவானது. எண்ணெய் இழைகளை ஒட்டிக் கற்றையைப் பெரிதாக்கும். பளபளப்புப் பட்டையைக் குறுக்கிக் கூர்மையாக்கும். பூச்சரம் முடியின் பகுதியன்று. அதற்குத் தனி உருவமும் எடையும் தேவை. எடை இருந்தால்தான் பின்னல் சரியாகத் தொங்கும்.

எடுத்துக்காட்டு: மரக்காணம் உப்பளம்

மரக்காணம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ளது. தமிழ்நாட்டின் உப்பு உற்பத்தியில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்ததாகக் குறிப்பிடப்படும் ஊர். வடகிழக்குப் பருவமழைக் காலம் நீங்கலாக உற்பத்தி நடைபெறும். பாத்தியில் விளைந்த உப்பை, பலகை பொருத்திய நீண்ட கழியால் இழுத்துக் குவிப்பர். பெண்கள் கூடையில் தலைச்சுமையாகக் கரைக்குச் சுமப்பர்.

இத்தகைய ஒரு பெண்ணின் தலையை வடிக்கப் புகுவோர் முதலில் சும்மாட்டை வடிக்க வேண்டும். சுருட்டிய துணி உச்சியில் அழுந்துவதால் அங்கு முடி பருமனை இழந்து தோலோடு படியும். அழுத்தம் நின்ற வளையத்தைச் சுற்றி இழைகள் கலைந்து வெளிவரும். துணியை எடுத்த பின்னும் அப்பள்ளம் மறைவதில்லை. ஆகவே முடியைச் செய்து முடித்துவிட்டுத் துணியை மேலே வைத்தல் தவறு.

வியர்வை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஈரமாக இருக்கையில் காதோரமும் பிடரியும் கூரிய கற்றைகளாகத் தோலில் ஒட்டும், காய்ந்ததும் உப்பு இழைகளுக்கிடையே தங்கி அவற்றை விறைப்பாக்கும், பளபளப்பு மங்கும். ஒளிநிழலாக்கியில் சொரசொரப்பைத் தலை முழுவதும் ஒரே அளவில் வைக்காமல், வியர்க்கும் இடங்களில் கூட்டுவதற்கு ஒரு நிரைப்படம் வரைந்துகொள்ள வேண்டும்.

பல ஆண்டு வெயில் மெலனினைச் சிதைப்பதால் முடியின் நுனி செம்பட்டையாகும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். ஆகவே இடுப்பளவுப் பின்னலின் நுனி ஐந்தாறு ஆண்டு வெயிலைக் கண்டது. வேரோ அண்மையில் முளைத்தது. மெலனின் அளவை வேரிலிருந்து நுனிக்குப் படிப்படியாகக் குறைத்தால், பின்னிருந்து வரும் காலை வெயிலில் திரியிழைகள் மட்டும் செம்பழுப்பாக ஒளிரும். கருமுடிக்கு உள்ளொளி கிடைக்கும் அரிய இடம் இதுவே.

இங்கு ஒளி மேலிருந்து மட்டும் வருவதில்லை. பாத்தி நீரும் உப்புக் குவியலும் வானொளியைக் கீழிருந்து திருப்பி அனுப்புகின்றன. தாடையின் அடியிலும் பிடரிமுடியின் கீழ்ப்புறத்திலும் வழக்கமாகத் தோன்றும் கருநிழல் உப்பளத்தில் தோன்றாது. காட்சியில் தரைப்பரப்பை வெண்மையாக வைத்து ஒளியைத் தெறிக்கவிட வேண்டும். அல்லது கீழிருந்து மெல்லிய ஒளிமூலம் ஒன்றை அமைக்க வேண்டும். மாதிரிப் படங்கள் எடுக்கச் செல்வோர் உழைப்பவரின் ஒப்புதலைப் பெற்று, விடியலிலும் நண்பகலிலும் ஒரே தலையை எடுத்து ஒப்பிடுதல் நன்று. விடியலில் கருமுடியின் ஓரம் ஒளிரும். நண்பகலில் அது தன் ஓரத்தை இழந்து தட்டையாகும்.