வேப்பங்குச்சி

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதி ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது என்பது அதில் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஹட்டனின் ‘இந்தியாவில் சாதி’ நூலில் இது இருக்கிறது. எங்க அப்பத்தாவின் காது அதில் இல்லை.

“நகைதான போடக்கூடாதுன்னான்? காது தூர்ந்துபோனா அப்பறம் எதுல போடுறது?” என்று சொல்லும். வருசக்கணக்காக வேப்பங்குச்சி சொருகியே ஓட்டையைக் காத்தது.

போன மாதம் பேத்திக்குக் காது குத்தினோம். உறை பிரிக்காத புது ஊசிதானா என்று பார்த்துக்கொண்டேன். கை கழுவாமல் தொடாதே, தினம் உப்புநீரில் துடை, ஆறு வாரம் கம்மலைக் கழற்றாதே, சீழ் கண்டால் டாக்டரிடம் போ என்று மகளிடம் சொன்னேன். வேப்பங்குச்சிக் கதையையும் சொன்னேன். தங்கம் போடுகிறவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.