ஏலத்தில் வராத மீன்

ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களைப் பாடியவர் ஓரம்போகியார். அவற்றில் ஒன்றில், பாணர் குலப் பெண் ஒருத்தி கூடையில் கொண்டுவந்த வராலைக் கொட்டுகிறாள். வீட்டுக்காரி அதே கூடையில் ஓராண்டு பழகிய வெண்ணெல்லை நிரப்பித் தருகிறாள். இன்னொரு பாடலில் கெளிற்றுக்குப் பயறு கிடைக்கிறது. பாடல்கள் பேச வந்தது தலைவனின் பரத்தமையை. மீன் நெல்லாக மாறிய இடத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள் என்பது போகிறபோக்கில் பதிவான செய்தி. பெண்களின் உழைப்புக்கு நமக்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்.

கல்லணைக்கு அருகில் உள்ள பூதலூர்ப் பகுதியின் வழியாக ஓடுகிறது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934இல் பாசனத்துக்கு வந்த இதை மக்கள் இன்றும் ‘புது ஆறு’ என்றே சொல்கிறார்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். தண்ணீர் வரும்போது மீனும் வாய்க்கால் வழியே ஏரிக்கும் வயலுக்கும் ஏறும். மூடியபின் ஏரி மெல்ல வற்றும். அறுவடை முடிந்து பெண்களுக்கு நடவோ களையெடுப்போ இல்லாத மாதங்களும் அவைதான். கூலி நின்றுபோகும் காலத்தில் சேற்றில் கைவிட்டும், ஊத்தா கவிழ்த்தும், பழைய சேலையை வலையாக்கியும் பிடித்த கெண்டையும் கெளிறும் குரவையும்தான் பல வீடுகளில் குழம்பு.

அரசு ஆவணங்களில் ஏரிமீன் வேறு விதமாக இடம்பெறுகிறது. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதைத் தடுத்தது. வலையின் கண்ணளவு குறித்து விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குத் தந்தது. பின்னாளில் ஏரி, குளங்களின் மீன்பாசி உரிமை குத்தகைக்கு விடும் வருமானமாயிற்று. ஏலம் எடுக்க முன்பணம் வேண்டும், ஆள்பலம் வேண்டும். பெரும்பாலும் நிலமும் சாதிச் செல்வாக்கும் உள்ள ஆண்களிடமே அவை இருந்தன. குத்தகைக்காரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்த்தார். காசு போட்டு விட்ட மீனுக்குக் காவலும் வந்தது. முன்பு குழம்புக்கு மீன் பிடித்த பெண், அதே கரையில் திருடியாகப் பார்க்கப்பட்டாள்.

வயலும் கைவிட்டது. 1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. விளைச்சல் பெருகியது. கூடவே வந்த பூச்சிக்கொல்லி வயல் மீனையும் நண்டையும் நத்தையையும் அழித்தது. கூடிய நெல் மூட்டைகளுக்குக் கணக்கு இருக்கிறது. நிலமற்ற பெண்களின் சட்டியிலிருந்து குறைந்த மீனுக்குக் கணக்கு இல்லை. அதற்கு விலை இருந்ததில்லை; பிடித்தவளுக்கும் ‘மீனவர்’ என்ற பெயர் இருந்ததில்லை.

ஆகவே உள்நாட்டு மீன்பிடிப்பின் வரலாற்றைக் குத்தகைத் தொகையிலிருந்து மட்டும் எழுத முடியாது. வற்றும் ஏரியில் கையால் மீன் பிடிக்கும் உரிமையை ஏல நிபந்தனையிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று கிராமசபையில் பெண்கள் கேட்கலாம். அது சலுகை கேட்பது ஆகாது. ஏலம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தச் சேற்றில் இறங்கியவர்கள் அவர்கள்.