ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள்: இந்தியத் தேர்தல்கள் படைத்த விநோத உலக சாதனைகள்

புது தில்லி: 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் 64.2 கோடிப் பேர் வாக்களித்தது உலக சாதனை என, வாக்கு எண்ணிக்கைக்கு முந்தைய நாளான ஜூன் 3 அன்று தில்லியில் அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமார் அறிவித்தார். ஜி-7 நாடுகள் அனைத்தின் வாக்காளர்களைப் போல இது ஒன்றரை மடங்கு என்பது அவர் தந்த ஒப்பீடு. மக்கள்தொகையில் பெரிய நாடு வாக்காளர் எண்ணிக்கையிலும் முன்னிற்பதில் வியப்பு அதிகம் இல்லை. வியப்புக்குரிய சாதனைகள் வேறு இடங்களில் உள்ளன. அவற்றுள் முதலிடம் தமிழகத்தின் மொடக்குறிச்சிக்கே உரியது.

ஈரோடு மாவட்டத்தில் உள்ள மொடக்குறிச்சி சட்டப்பேரவைத் தொகுதியில் 1996 தேர்தலில் 1,033 பேர் களத்தில் இருந்தனர். ஒரே தொகுதியில் மிக அதிக வேட்பாளர்கள் போட்டியிட்ட தேர்தலாக இது இன்றளவும் குறிப்பிடப்படுகிறது. இவர்களில் பெரும்பாலோர் வெற்றியை எதிர்பார்த்து வந்தவர்கள் அல்லர். தங்கள் கோரிக்கைகளை ஆட்சியாளர்கள் செவிமடுக்கவில்லை என்ற ஆதங்கத்தில், எதிர்ப்பைத் தெரிவிக்கும் வழியாக வேட்புமனுவையே கையில் எடுத்த விவசாயிகள். மறியல் செய்தால் கைது செய்யலாம். கூட்டம் கூடினால் கலைக்கலாம். முறையாகத் தாக்கல் செய்யப்பட்ட மனுவைத் தேர்தல் அலுவலர் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். அன்று சட்டப்பேரவைத் தேர்தலுக்கான வைப்புத்தொகை வெறும் 250 ரூபாய்.

மின்னணு இயந்திரங்கள் பரவலாகாத காலம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களையும் சின்னங்களையும் ஒரே தாளில் அச்சிட இயலாததால், வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. வாக்காளர் பக்கம் பக்கமாகப் புரட்டித் தாம் விரும்பும் சின்னத்தைக் கண்டறிந்து முத்திரையிட வேண்டியிருந்தது. திமுக வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன் வெற்றி பெற்றார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. வேட்பாளருக்கே அத்தொகுதியில் வாக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாநிலத்தின் எந்தத் தொகுதி வாக்காளரும் போட்டியிடலாம். ஆனால், மனுவை முன்மொழிபவர் அத்தொகுதியின் வாக்காளராக இருந்தாக வேண்டும். ஆக, அந்த 88 பேருக்கு முன்மொழிந்தவரின் வாக்கும் கிடைக்கவில்லை என்று பொருள்.

(கால் நூற்றாண்டு கழித்து, 2021-இல் இதே தொகுதியில் சுப்புலட்சுமி ஜெகதீசன் 281 வாக்குகள் வித்தியாசத்தில் பாஜகவின் சரஸ்வதியிடம் தோல்வியடைந்தார்.)

மொடக்குறிச்சி தனித்த நிகழ்வு அன்று. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நல்கொண்டாவில் 480 பேர் போட்டியிட்டனர். நிலத்தடி நீரில் கலந்திருந்த புளோரைடால் எலும்பும் பல்லும் பாதிக்கப்பட்ட மக்களின் குடிநீர்க் கோரிக்கை அதன் பின்னணியில் இருந்தது. கர்நாடகத்தின் பெல்காமில், மகாராஷ்டிரத்துடன் இணைக்கக் கோரிய எல்லைப் போராட்டத்தின் பகுதியாக 456 பேர் நின்றனர். நாடு முழுவதும் 13,952 வேட்பாளர்கள் போட்டியிட்ட 1996 மக்களவைத் தேர்தலே அவ்வகையில் இன்றுவரை உச்சம்.

நாடாளுமன்றம் விரைந்து செயல்பட்டது. 1996 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், மக்களவைத் தேர்தலுக்கான வைப்புத்தொகையை 500 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், சட்டப்பேரவைக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும் உயர்த்தியது. சுயேச்சைகளுக்கும் அங்கீகாரமற்ற கட்சியினருக்கும் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. 1998 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை 4,750 ஆகக் குறைந்தது. எண்ணிக்கையைக் குறைக்க வழி கண்ட திருத்தத்தில், அத்தனை பேர் ஏன் மனு செய்தார்கள் என்ற கேள்விக்கு இடம் இருக்கவில்லை. குடிநீருக்காக நின்றவருக்கும், பொழுதுபோக்காக நின்றவருக்கும் ஒரே தடைதான் எழுப்பப்பட்டது.

அந்தத் தடையைத் தாண்டியவர்கள் தெலங்கானாவின் நிஜாமாபாத் விவசாயிகள். வைப்புத்தொகை 25,000 ரூபாயாக உயர்ந்துவிட்ட பின்னரும், 2019 மக்களவைத் தேர்தலில் அங்கு 185 பேர் போட்டியிட்டனர். அவர்களில் 178 பேர் விவசாயிகள். மஞ்சளுக்குத் தனி வாரியமும் கட்டுப்படியான விலையும் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. பழைய வகை மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் அதிகபட்சம் 64 பெயர்களுக்கே இடம் உண்டு. எனவே, 24 வாக்குப்பதிவு அலகுகள் வரை இணைக்கத்தக்க எம்-3 வகை இயந்திரங்கள் தருவிக்கப்பட்டன. ஒரு வாக்குச்சாவடிக்குத் தலா 16 பெயர்கள் கொண்ட 12 அலகுகள் வரிசையாக வைக்கப்பட்டன. வாக்காளர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து சென்று பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

அத்தேர்தலில், அன்றைய முதல்வர் கே.சந்திரசேகர ராவின் மகளும் தொகுதியின் உறுப்பினருமான கவிதா தோல்வியடைந்தார். பாஜகவின் அரவிந்த் வென்றார். தேசிய மஞ்சள் வாரியம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. பொங்கல் திருநாளான 2025 ஜனவரி 14 அன்று, நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வாரியம் தொடங்கி வைக்கப்பட்டது. இதற்கு 178 வேட்புமனுக்கள் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. எனினும், மஞ்சள் விலை பற்றி நாடு முழுவதும் பேசவைத்தது அந்த நீண்ட இயந்திர வரிசைதான்.

தோல்வியிலும் சாதனை உண்டு. மேட்டூரில் டயர் பழுதுபார்க்கும் கடை நடத்தும் கே.பத்மராஜன், 1988 முதல் 230-க்கும் மேற்பட்ட தேர்தல்களில் போட்டியிட்டுத் தோற்றிருக்கிறார். தோல்வியடைந்த வேட்பாளர்களின் வரிசையில் லிம்கா சாதனைப் புத்தகம் இவரைப் பதிவு செய்துள்ளது. 2011-இல் மேட்டூர் சட்டப்பேரவைத் தொகுதியில் பெற்ற 6,273 வாக்குகள் இவரது அதிகபட்சம்.

வாக்குச்சாவடிகளிலும் சில சாதனைகள் உள்ளன. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பீதி மாவட்டத்தில் 15,256 அடி உயரத்தில் உள்ள தாஷிகாங், உலகின் மிக உயரமான வாக்குச்சாவடியாகக் கூறப்படுகிறது. குஜராத்தின் கிர் காட்டுக்குள் பாணேஜ் என்ற இடத்தில், சிவன் கோயில் பூசாரி ஒருவருக்காகவே சாவடி அமைக்கப்படுகிறது. வாக்களிக்க எவரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் செல்லும் நிலை கூடாது என்ற தேர்தல் ஆணையத்தின் விதியே காரணம்.

சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளராக அறியப்படும் ஷியாம் சரண் நேகியும் இமாசலத்தவரே. பனிப்பொழிவுக்கு முன்பே தேர்தலை முடிக்க வேண்டியிருந்ததால், கின்னௌர் மாவட்டத்தின் கல்பாவில் 1951 அக்டோபர் 25 அன்றே வாக்குப்பதிவு நடைபெற்றது. பள்ளி ஆசிரியரான நேகி அன்று முதலில் வாக்களித்தார். நூறு வயதைக் கடந்த பின்னரும் எந்தத் தேர்தலையும் தவறவிடாத அவர், 2022 நவம்பர் 2 அன்று சட்டப்பேரவைத் தேர்தலுக்கான தபால் வாக்கைப் பதிவு செய்தார். மூன்று நாள்களுக்குப் பின் காலமானார்.