மூன்று மன்னர் மாண்ட களம்

ஹிஜ்ரி 986-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1578 ஆகஸ்டு 4-ஆம் நாள், வட மொராக்கோவில் நடந்த போரொன்று சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதைப் பற்றிய நினைவோ இன்னும் முடிந்தபாடில்லை. வென்ற மொராக்கோ அப்போரை 'வாதில் மகாஸின்' என ஆற்றின் பெயரால் வழங்குகிறது. தோற்ற போர்த்துக்கல், அருகிலிருந்த ஊரின் பெயரால், 'அல்காசர் கிபீர்' என்கிறது. கஸ்ருல் கபீர் என்னும் அரபுப் பெயரே அவர்கள் நாவில் இவ்வாறு திரிந்தது.

நம் கடற்கரையில் பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கீசியரின் மன்னர் செபஸ்தியானுக்கு அப்போது வயது 24, மணமாகாதவர், சிலுவைப் போர்க் கனவிலேயே வளர்ந்தவர். 1576-இல் அரியணையிழந்த மொராக்கோ சுல்தான் முஹம்மத் அல் முத்தவக்கில் அவரிடம் உதவி நாடினார். அரியணையைக் கைப்பற்றியவர் அந்நியரல்லர். உதுமானியர் படைத்துணையோடு வந்த அவருடைய சிறிய தந்தை அப்துல் மலிக். அஸீலாவில் கரையிறங்கிய செபஸ்தியான், கடும் கோடையில், கடலை விட்டு உள்நாட்டுக்குள் படை நடத்தினார். அன்று அவர் களத்தில் வீழ்ந்தார். முத்தவக்கில் ஆற்றில் மூழ்கினார். நோயுற்றிருந்த அப்துல் மலிக்கும் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். படை கலைந்துவிடாதபடி அம்மரணம் மறைக்கப்பட்டது. தம்பி அஹ்மத், 'அல் மன்ஸூர்' என்னும் பட்டத்துடன் ஆட்சியேற்றார்.

வென்றவரைவிடத் தோற்றவரே இப்போரை அதிகம் நினைத்தனர். செபஸ்தியானுக்கு வாரிசில்லை. 1580-இல் போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னர் பிலிப்பின் கைக்குப் போயிற்று. 1640 வரை, அறுபதாண்டுகள், அதற்கெனத் தனி மன்னர் இல்லை. அந்த அவமானத்தில் மக்கள் ஒரு நம்பிக்கையைப் பற்றிக்கொண்டனர்: மன்னர் இறக்கவில்லை, மூடுபனி படர்ந்த ஒரு காலையில் திரும்பி வருவார்! அவர் பிறப்பதற்கு முன்பே பந்தர்ரா என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி மறைந்திருக்கும் மன்னரைப் பற்றிப் பாடிய பாடல்களையும் இதற்குச் சான்றாக்கினர். 1584 முதல் 1598 வரை நால்வர் 'நானே செபஸ்தியான்' என்று தோன்றினர். ஒருவன் பலகாரம் செய்பவன். வெனிஸில் தோன்றிய இன்னொருவன் இத்தாலியன்; போர்த்துக்கீசிய மொழியே அவனுக்குச் சரிவர வராது. அவனையும் நம்பினார்கள் என்றால் ஏக்கத்தின் ஆழத்தை என்னென்பது!

மன்னரின் உடல் எனச் சொல்லப்பட்டதை 1582-இல் பிலிப் லிஸ்பன் அருகே ஜெரோனிமோஸ் மடத்தில் அடக்கம் செய்வித்தார். இறந்துவிட்டார் என்று நிலைநாட்டுவதில் அவருக்கிருந்த அக்கறை விளங்காததன்று. ஆயினும், செய்தி மெய்யானால் இங்கே துயில்பவர் அவரே என்ற ஐயத்தையே அக்கல்லறைக் கல்வெட்டு தாங்கி நிற்கிறது. 1973-இல் லாகோஸ் நகரில் எழுந்த சிலையோ அவரை வீரராகக் காட்டவில்லை. திகைத்து நிற்கும் சிறுவனாகக் காட்டுகிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் அந்நாடு தன் மன்னரை அப்படிப் பார்க்கத் துணிந்தது பாராட்டத்தக்கது.

மொராக்கோவின் நினைவு வேறு வகையது. சிறைப்பட்ட பிரபுக்களின் மீட்புப் பணம் மராகேஷில் அல் பதீ அரண்மனையாக உயர்ந்தது. பின்வந்த சுல்தான் மவ்லாய் இஸ்மாயீல் அதன் அணிகலன்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றார். இன்று அதன் மொட்டைச் சுவர்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. கஸ்ருல் கபீருக்கு அருகேயுள்ள அணைக்கும் வாதில் மகாஸின் என்றே பெயர். அந்நியப் படையெடுப்பை முறியடித்த நாள் என்று மொராக்கோ பெருமைப்படுவது நியாயமே. ஆனால் அப்பெருமிதக் கதையில் சில பக்கங்கள் விரைவாகப் புரட்டப்படுகின்றன. இதே மன்ஸூரின் படை 1591-இல் சஹாராவைக் கடந்து, முஸ்லிம் அரசான சொங்காயைச் சிதைத்தது. திம்புக்துவின் பேரறிஞர் அஹ்மத் பாபா கைதியாக மராகேஷுக்குக் கொண்டுவரப்பட்டார்.

மூன்றாம் மன்னரான முத்தவக்கிலின் கதை இன்னும் கசப்பானது. ஆற்றிலிருந்து எடுத்த அவர் உடலின் தோலையுரித்து, வைக்கோல் திணித்து, ஊரூராகக் காட்டினார்கள். மொராக்கோ வரலாற்றில் அவர் பெயர் 'அல் மஸ்லூக்', தோலுரிக்கப்பட்டவன். போர்த்துக்கீசியக் கதைகளிலோ அவர் செபஸ்தியானின் பயணத்துக்கு ஒரு சாக்கு மட்டுமே. அவர் திரும்பி வருவார் என்று எந்த நாட்டிலும் எவரும் காத்திருக்கவில்லை.