ஆடிப்பிறப்பு: கூழும் கொழுக்கட்டையும் ஒரு புலவரின் பாட்டும்

யாழ்ப்பாணத் தமிழரின் பண்டிகைகளுள் மிகச் சிறியது ஆடிப்பிறப்பு. தைப்பொங்கலுக்குரிய முற்றத்துக் கோலமும் வெடியோசையும் இதற்கில்லை. சித்திரைப் புத்தாண்டின் மருத்துநீர், கைவிசேடம் போன்றவையும் இல்லை. புத்தாடை கட்டாயமன்று; கோயிலுக்குப் போகவேண்டும் என்ற நியதியும் கிடையாது. ஒரு பானை கூழ், தட்டு நிறையக் கொழுக்கட்டை, அவற்றைச் சுற்றி அமரச் சில குழந்தைகள். இவ்வளவே இப்பண்டிகைக்கு வேண்டியவை. அரசர் வரலாறுகளிலும் கல்வெட்டுகளிலும் இடம்பெறாத இச்சிறு நாள், போரையும் இடப்பெயர்வையும் தாண்டி எவ்வாறு பிழைத்து நிற்கிறது என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும்.

சூரியன் கர்க்கடக இராசியில் புகும் நாளே ஆடி மாதத்தின் முதல் நாள். யூலை 16 அல்லது 17ஆம் திகதியில் அது வரும். உத்தராயணம் முடிந்து தட்சிணாயனம் தொடங்குவதாக எம் முன்னோர் இந்நாளைக் கொண்டனர். உத்தராயணம் தேவர்களின் பகல், தட்சிணாயனம் அவர்களின் இரவு என்பது ஐதிகம். ஆயின் வானில் சூரியன் தென்திசை நோக்கித் திரும்புவது யூன் 21ஆம் திகதியளவில் அல்லவா என்று இன்றைய மாணவர் கேட்கக்கூடும். அவர்கள் கேட்பது சரியே. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட எமது மாதக் கணக்கு ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பருவங்களிலிருந்து விலகி வருகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இன்று காணப்படும் 25 நாள் இடைவெளி, இக்கணக்கின் பழைமைக்கு அமைதியான சான்றாகும்.

குடாநாட்டில் ஆடி மாதம் வறண்ட காலம். சோழகக் காற்று புழுதியை வாரியிறைக்கும். காலபோக நெல் அறுவடையாகிப் பல மாதங்கள் கழிந்திருக்கும். அடுத்த விதைப்புக்கும் நாள் இருக்கும். வயலில் வேலை குறைந்த அந்த இடைவெளியிலேதான் இப்பண்டிகை அமைகிறது. கூழுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் வீட்டிலும் வளவிலும் கிடைப்பவை: பச்சரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், சிறிதாய் அரிந்த தேங்காய்ச் சொட்டு, மிளகு, சீரகம், ஏலம், எல்லாவற்றிற்கும் மேலாகப் பனங்கட்டி. ஆண்டின் முற்பாதியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி, பனையோலைக் குட்டான்களில் வார்த்துவைத்த பனங்கட்டியே கூழுக்கு நிறத்தையும் மணத்தையும் தரும். ஒடியல் மாவில் மீனும் நண்டும் இட்டுக் காய்ச்சும் கூழ் வேறு. ஆடிக்கூழ் முழுவதும் இனிப்பானது.

இப்பண்டிகையில் குழந்தைகள் வெறும் பார்வையாளர் அல்லர் என்பது முக்கியமானது. கூழில் இடுவதற்கு மாவைக் குழைத்துச் சிறு உருண்டைகளாக உருட்ட வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையும் அதனைச் செய்யும். உருண்டை கோணலாக இருந்தாலும் கூழ் அதனை ஏற்றுக்கொள்ளும். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து மடித்த கொழுக்கட்டையின் விளிம்பை நுள்ளி நுள்ளி அழகுபடுத்தும் வேலை சற்று மூத்த பிள்ளைகளுக்கு உரியது. பிலா இலை பொறுக்குவது, அதனைக் கோலி ஈர்க்கினால் குத்துவது, ஆறிய கூழை அந்த இலையால் அள்ளிக் குடிப்பது எல்லாம் அவர்களுக்கு விளையாட்டே. தைப்பொங்கலில் அடுப்பண்டை வராதே என்று விரட்டப்படும் குழந்தை, ஆடிப்பிறப்பில் வேலைக்கு அழைக்கப்படுகிறது.

தமிழகத்திலும் ஆடி முதல் நாளுக்குச் சிறப்புண்டு. சேலம், ஈரோடு, கரூர் பகுதிகளில் அன்று தேங்காய் சுடும் பண்டிகை நடைபெறுகிறது. தேங்காயின் கண்ணைத் துளைத்து, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் முதலியவற்றை நிரப்பி, நீண்ட குச்சியில் செருகித் தீயில் வாட்டுவர். பாரதப் போர் தொடங்கிய நாள் என்று அதற்கொரு கதையும் கூறுவர். அங்கும் தீயைச் சூழ்ந்து நிற்பவர்களில் குழந்தைகளே அதிகம். கடல் இரு கரைகளையும் பிரித்தாலும், இந்நாள் சிறுவர்க்குரியது என்பதில் இரு கரையாரும் ஒன்றுபட்டுள்ளனர்.

ஈழத்தில் இந்நாளுக்கு நிலைத்த புகழைத் தேடித் தந்தவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). சமயத்தையும் தமிழையும் பாடிய அப்பெரியாரை மக்கள் 'தங்கத் தாத்தா' என்றே அழைத்தனர். அவருடைய ஆடிப்பிறப்புப் பாடல், பள்ளி விடுமுறையை எண்ணி மகிழும் சிறுவரின் குரலில் தொடங்கி, மா வறுப்பதிலிருந்து கூழ் குடிப்பது வரை ஒரு வீட்டின் சமையலறையையே கண்முன் நிறுத்துகிறது. பாடலைப் பாடத் தெரிந்தவருக்குக் கூழ் காய்ச்சும் முறையும் தெரிந்துவிடும். பல தலைமுறைப் பிள்ளைகள் அரிச்சுவடி கற்குமுன்பே அதனைச் செவிவழியாகக் கற்றனர். அரசாங்க விடுமுறைப் பட்டியலில் ஆடிப்பிறப்பு இன்று இல்லை. அவ்வாறொரு விடுமுறை இருந்தது என்பதையும் பெரும்பாலோர் அறிந்திருப்பது அப்பாடலினாலேயே. ஒரு சிறுவர் பாட்டு வரலாற்று ஆவணமாகிவிட்டது.

ஆயினும் ஈழத்தமிழருக்கு யூலை மாதம் இனிப்பான மாதமாக நீடிக்கவில்லை. 1983 யூலை இனப்படுகொலைக்குப் பின்னர் அம்மாதத்தின் பெயரே துயரச் சொல்லாயிற்று. யூலை மாதப் பத்திரிகைப் பக்கங்களை நினைவஞ்சலிகள் நிறைத்தபோது, ஆடிப்பிறப்புக் குறிப்பு ஒரு மூலைக்கு ஒதுங்கியதைப் பத்திரிகைத் தொழிலில் இருந்த எம்போன்றோர் நன்கு அறிவோம். 1995 யூலை 9ஆம் திகதி, இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தங்கத் தாத்தா பிறந்த அதே நவாலி. அடுத்த வாரமே ஆடிப்பிறப்பு. எந்த ஊரிலிருந்து அப்பாட்டு எழுந்ததோ, அந்த ஊரில் அவ்வாண்டு எத்தனை வீடுகளில் அடுப்பெரிந்திருக்கும்?

அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி தொடங்கிய பேரிடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறினர். அதற்கு முன்னரும் 1990 முதல் பொருளாதாரத் தடையின் கொடுமை இருந்தது. சீனி அரும்பொருளான அந்நாள்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்தினர் மக்கள். பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டபோது, கூழின் இனிப்பும் அவற்றோடு சேர்ந்தே வீழ்ந்தது. எனினும் கையிலுள்ள மாவையும் பயற்றையும் கொண்டு கூழ் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாய்மார் இருந்தனர். பெரிய விழாவாயின் வசதியில்லை என்று கைவிட்டிருப்பர்; சிறிய நாளாகையால் அதனைக் கைவிடக் காரணம் கிடைக்கவில்லை. பண்டிகையின் சிறுமையே அதற்குக் காப்பாயிற்று எனலாம்.

இன்று யாழ்ப்பாணத்து முன்பள்ளிகளிலும் பாடசாலைகளிலும் ஆடிப்பிறப்பு விழா எடுக்கப்படுகிறது. மழலைகள் அப்பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார்கள். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் மேடையில் ஆடிய குழந்தை வீட்டுக்கு வந்து மா உருட்டவில்லையாயின் அது பாதிப் பண்டிகையே. புலம்பெயர் நாடுகளில் நிலைமை வேறு. ரொறன்ரோவில் யூலை மாதம் கோடை விடுமுறைக் காலம். ஆடிப்பிறப்புக்கென்று தனியாக விடுதலை வேண்டியதில்லை. பனங்கட்டி தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது. பிலா இலைதான் இல்லை. கடதாசிக் கோப்பை அதன் இடத்தைப் பிடித்துள்ளது. அதனால் குறையொன்றுமில்லை. மூன்று வயதுப் பேரக் குழந்தைக்கு அயனமும் இராசியும் விளங்கப்போவதில்லை. விரலில் ஒட்டிய மாவும் நாவில் ஒட்டிய இனிப்பும் காதில் விழுந்த பாட்டும் போதும்.

தமிழ் அடையாளம் குறித்து மாநாடுகள் கூட்டுகிறோம்; தீர்மானங்கள் நிறைவேற்றுகிறோம். அவை வேண்டியவையே. ஆயினும் ஒரு மொழி அடுத்த தலைமுறையின் நாவில் ஏறுவது பெரும்பாலும் அடுக்களையிலேதான். அடுத்த ஆடி முதல் நாளன்று ஒரு சுண்டு பயறு வறுத்து, வீட்டிலுள்ள சின்னஞ்சிறு கைகளிடம் சிறிது மாவைக் கொடுத்துப் பாருங்கள். சமையலறை சற்று அழுக்காகும். உருண்டைகள் கோணலாகத்தான் வரும்; அப்படியே கூழில் இடுங்கள்.